பொத்தான் இல்லாத காரில் மூன்றரை வருடம்

கார் வாங்கிய வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் வெறும் புகழ்மாலையாகத்தான் இருந்திருக்கும். 2022 ஆகஸ்டில் எடுத்தேன். இப்போது மீட்டரில் 52,000 கிலோமீட்டர். சிங்கப்பூரின் ஈசூனில் வீடு, துவாஸில் வேலை, வாரம் ஒருமுறை தேக்கா சந்தை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர், பள்ளி விடுமுறை வந்தால் இன்னும் தள்ளி மலாக்கா. இவ்வளவுதான் அதன் உலகம். முழு மின்சார எஸ்யூவி. எந்த நிறுவனம், என்ன மாடல் என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பாதி இந்தக் காருக்கு மட்டும் உரியவை அல்ல. நண்பர்களின் கார்களில் ஏறி உட்கார்ந்தாலும் இதே கதைதான், முன்னால் ஒட்டியிருக்கும் சின்னம் மட்டும் வேறு.

அதற்கு முன் பத்து வருடம் ஹோண்டா ஜாஸ் வைத்திருந்தேன். 2012இல் வாங்கியது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே காரோடு சேர்த்து அதை வைத்துக்கொள்ளும் உரிமையையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். அதுதான் சிஓஇ, வாகன உரிமைச் சான்றிதழ். 1990இலிருந்து இருக்கிறது, பத்து வருடம் செல்லும். என் ஜாஸின் எஞ்சின் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் ஆயுள் காகிதத்தில் முடிந்துவிட்டது. பணம் கட்டினால் இன்னொரு பத்து வருடமோ ஐந்து வருடமோ நீட்டிக்கலாம். ஆனால் அப்போது சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவிலேயே சிஓஇ எழுபதாயிரம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டி நின்றது. (அடுத்த ஆண்டு அக்டோபரில் அதுவே 106,000 வெள்ளியைத் தொட்டது, அது வேறு வயிற்றெரிச்சல்.) அவ்வளவு பணத்தைப் பழைய காரில் போடுவதற்குப் புதிதே எடுத்துவிடலாம் என்று வீட்டில் முடிவானது. வீட்டில் என்றால் நான்தான்.

கடையில் பார்த்தபோது மயங்கித்தான் போனேன். தலைக்கு மேல் முழுக் கண்ணாடி, நடுவில் தொலைக்காட்சிப் பெட்டி அளவுக்கு ஒரு திரை, டேஷ்போர்டில் ஒரு பொத்தான்கூட இல்லை. துடைத்துவைத்த பூஜையறை மாதிரி இருந்தது. விற்பனையாளர் திரையை விரலால் ஒரு தள்ளு தள்ளிக் காட்டினார். ஏசிக் கடைக்குள் நின்ற காரில் எல்லாமே அழகாகத்தான் இருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஜாஸில் ஏற வேண்டுமென்றால் குனிந்து, இடுப்பை உள்ளே தள்ளி, அப்புறம் ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி வைப்பார். இந்தக் காரில் இருக்கை சரியாக அவருடைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. சேலையைச் சற்றே ஒதுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்துவிடுகிறார். உயரமான கார்களைக் கிண்டல் செய்கிறவர்கள் வீட்டில் முட்டிவலிக்காரர் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். பின்னால் இருப்பவர்களுக்குத் தனி ஏசித் துவாரம், நடுவில் மேடில்லாத சமமான தரை, எஞ்சின் சத்தமே இல்லாத ஓட்டம். இவையெல்லாம் மூன்றரை வருடம் கழித்தும் எனக்குப் பிடித்திருக்கின்றன. சார்ஜ் செய்வதுகூட முதல் வருடம்தான் தொல்லை. இப்போது எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் பேட்டையிலேயே சார்ஜர் வந்துவிட்டது, இரவில் போட்டுவிட்டு மேலே போய்விடுகிறேன்.

கார் எடுத்த அன்றே ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அர்ச்சகர் தட்டில் வைக்கச் சாவியைக் கேட்டார். நான் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதற்கே குங்குமம் வைத்தார். வங்கி அட்டைக்கு அர்ச்சனை செய்தது போலிருந்தது என்று என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

வாங்கிய நான்காவது மாதம் டிசம்பர் மழை வந்தது. பிஐஇ விரைவுச்சாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழை கொட்டினால் எப்படி இருக்கும் என்று இங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியாது. அந்த நேரம் பார்த்து முன்கண்ணாடியில் ஆவி படிந்தது. ஜாஸில் இதற்கு ஒரு வட்டத் திருகி உண்டு, இருட்டிலும் கை தானாகப் போகும். இதில் திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. கீழ் ஓரத்தைத் தொட்டு ஏசிப் பக்கத்தை வரவழைக்க வேண்டும், அதில் முன்கண்ணாடிப் படத்தைத் தேடித் தொட வேண்டும். வண்டி குலுங்கியதில் விரல் தவறி இருக்கைச் சூடேற்றியில் பட்டது. ஆமாம், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஊரில் இருக்கைக்குச் சூடேற்றி! முதுகு சுட, எதிரே எதுவும் தெரியாமல், எண்பதில் போய்க்கொண்டே ஒரு தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கையில் போனைப் பிடித்து ஓட்டினால் இங்கே அபராதம், டேஷ்போர்டில் திருகிவைத்த போனுக்கு எதுவும் கிடையாது.

நமக்குத்தான் வயதாகிவிட்டதோ என்று கொஞ்ச நாள் சந்தேகப்பட்டேன். பிறகுதான் ஸ்வீடன் நாட்டுக் கார் இதழ் ஒன்று அதே 2022இல் செய்த சோதனையைப் பற்றிப் படித்தேன். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காருக்குள் சூட்டைக் கூட்டுவது, வானொலி மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொல்லி நேரம் எடுத்திருக்கிறார்கள். ஓட்டுநர்களுக்குக் காரோடு பழக முன்கூட்டியே நேரமும் கொடுத்திருக்கிறார்கள். பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வோல்வோ வி70இல் எல்லாம் முடியப் பத்து விநாடி. திரையை நம்பியிருந்த புதுக் கார்களில் கடைசியாக வந்ததற்கு 44.6 விநாடி. அதற்குள் கார் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து என் வீடு வரைக்கும் அவ்வளவு தூரம் இல்லை.

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பும் விழித்துக்கொண்டது. இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு இயக்கும் தனிப் பொத்தானோ பிடியோ இருந்தால்தான் 2026 முதல் முழு ஐந்து நட்சத்திரம் என்று 2024இலேயே சொல்லிவிட்டார்கள். அந்த ஐந்தில் ஏசி இல்லை. அவர்கள் ஊர் வெயில் அப்படி.

வெயில் என்றதும் கண்ணாடிக் கூரை நினைவுக்கு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் உள்ளே இட்லிப் பானை. கதவுக் கண்ணாடிக்கு இருண்ட தாள் ஒட்டலாம் என்றால் அதற்கும் அளவிருக்கிறது. முன் கண்ணாடியும் முன் பக்கக் கண்ணாடிகளும் எழுபது விழுக்காடு வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும். கடைசியில் கூரைக்கு உள்ளே மாட்டும் மடிப்புத் திரை ஒன்றை இணையத்தில் வாங்கிப் பொருத்தினேன். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கண்ணாடிக் கூரையை இன்னும் கொஞ்சம் விலை கொடுத்து மறைத்திருக்கிறேன்.

கார் பேட்டைக் கணக்கு இன்னும் மோசம். இங்கே வாகன நிறுத்தத்துக்குக் குறைந்தபட்ச அகலம் 2.4 மீட்டர். ஜாஸின் அகலம் ஏறக்குறைய 1.7 மீட்டர். அருகருகே இரண்டு ஜாஸ் நின்றால் நடுவில் எழுபது சென்டிமீட்டர் கிடைக்கும். என் இப்போதைய கார் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.87 மீட்டர். பக்கத்திலும் அதே ரகம் நின்றால் மிஞ்சுவது ஐம்பத்து மூன்று. கதவின் தடிமனே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். முட்டிவலி அம்மாவைப் பாதி திறந்த கதவு வழியே இறக்க முடியுமா? முதலில் அவரை வெளியிலேயே இறக்கிவிட்டு, தூண் பக்கம் நிற்கச் சொல்லி, அப்புறம் காரை உள்ளே விடுகிறேன். ஏறுவதற்கு வசதியான கார், இறங்குவதற்கு இல்லை. ஒருநாள் தொலைவில் நின்றபடி கேட்டார்: "ஏம்ப்பா, காரைப் பெருசாக்குனவன் பார்க்கிங் கோட்டையும் தள்ளிப் போட்டிருக்கலாமில்ல?"

அந்த இடுக்கில் நிறுத்த 360 பாகைக் கேமரா உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கேமரா ஏன் தேவைப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். பின்கண்ணாடி தபால்பெட்டித் துளை அளவு. முன்கண்ணாடியின் ஓரத்தூண் என் முழங்கைத் தடிமன். தெருமுனையில் திரும்பும்போது சைக்கிளில் வரும் பையன் அப்படியே அதற்குள் மறைந்துபோகிறான். ஜன்னலைச் சுருக்கிவிட்டு கேமராவைக் கூடுதல் வசதி என்று விற்கிறார்கள்.

கதவுக் கைப்பிடி இதைவிட வேடிக்கை. கதவோடு கதவாகப் படுத்திருக்கும், நாம் அருகே போனால் வெளியே நீட்டும். நீட்டினால் சரி. ஒரு தீபாவளி மாலை தேக்காவின் கேம்பல் லேன் பக்கம், இரண்டு கையிலும் முறுக்கு, பூ, வாழையிலை என்று பைகள். சட்டைப்பையில் இருந்த அட்டையை அது உணரவில்லை. பைகளைத் தரையில் வைத்து, அட்டையை எடுத்து, கதவுத் தூணில் ஒற்றி, பிறகுதான் கைப்பிடி வந்தது. பின்னால் ஒரு வேன்காரர் பொறுமையாக நின்றார், ஹாரன் அடிக்கவில்லை, நல்ல மனுஷன். இந்தக் கைப்பிடி சீனக் கார் சந்தையில் மிகவும் பரவலானது. அந்தச் சீனாவே, கையால் இழுத்துத் திறக்கும் வழி ஒவ்வொரு கதவிலும் இருந்தாக வேண்டும் என்று 2027 முதல் விதி கொண்டுவருகிறது. விபத்தில் மின்சாரம் போய்விட்டால் வெளியில் இருப்பவர் எதைப் பிடித்து இழுப்பார் என்ற கேள்விதான் காரணம்.

போன ஜூன் விடுமுறையில் மலாக்கா போகும் வழியில், யோங் பெங் தாண்டியதும் டயர் வெடித்தது. டிக்கியைத் திறந்து (என் மகன் பூட் என்று திருத்துவான்) தரைப்பலகையைத் தூக்கினால் ஸ்டெப்னி இல்லை, ஒரு நுரைக் குப்பியும் சிறிய காற்றுப் பம்பும் இருந்தன. ஆணி ஏறிய ஓட்டை என்றால் அந்த நுரை அடைக்கும். எனக்கோ பக்கவாட்டில் விரல் நுழையும் கிழிசல். இழுவை வண்டி வந்து ஊருக்குள் கொண்டுபோனது. டயர் கடைக்கார அங்கிள் சக்கரத்தைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டார். பத்தொன்பது அங்குல ரிம், அதன்மேல் தோசைக்கல் விளிம்பு மாதிரி ஒல்லியாக ரப்பர். அந்த அளவு அவரிடம் இல்லை, ஜோகூர் பாருவிலிருந்து வரவழைக்க மாலையாயிற்று. கடைக்குப் பின்னால் இருந்த காப்பிக் கடையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஜாஸ் டயர் என்றால் சுவரில் அடுக்கிவைத்திருந்தார், நானே பார்த்தேன். பெரிய ரிம் போட்டால் படத்தில் கார் கம்பீரமாகத் தெரிகிறது. மேடு பள்ளத்தில் அது நம் முதுகுக்கு வருகிறது.

2024இல் புதிய மின்னியல் சாலைக் கட்டணக் கருவி பொருத்தக் கூப்பிட்டார்கள். அதோடு ஒரு சின்னத் தொடுதிரையும் வரும், விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தைப் பார்த்துப் பொருத்த வந்த தம்பி சிரித்துவிட்டார்.

கடைசியாகக் கரும்பு. இதை எழுதவே அதுதான் காரணம். ஜாஸில் பெட்ரோல் கலன் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கும். அதனால் பின் இருக்கையின் உட்காரும் பலகையைத் திரையரங்கு நாற்காலி போல மேலே மடித்துவிடலாம், இல்லாவிட்டால் முழுவதையும் தரையோடு தரையாகப் படுக்கவைக்கலாம். முன் இருக்கையின் தலையணையைக் கழற்றிப் பின்னால் சாய்த்தால் டேஷ்போர்டிலிருந்து பின்கதவு வரை ஒரே தளம். பத்து வருடமும் பொங்கலுக்கு முந்தின நாள் தேக்காவிலிருந்து ஏழடிக் கரும்பு இரண்டு, மஞ்சள்கொத்து, பானை எல்லாம் அதில் வந்தன. புதுக் காரின் டிக்கி கொள்ளளவு காகிதத்தில் பெரியதுதான். ஆனால் முன் இருக்கையும் தலையணையும் ஒரே வார்ப்பு, பந்தயக் கார் பாணி, கழற்ற முடியாது, படுக்காது. குறுக்கே வைத்துப் பார்த்தேன், திரையில் இடித்தது. முதல் வருடம் கடைக்காரரிடமே கரும்பை இரண்டாக வெட்டச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்த இரண்டு துண்டையும் சேர்த்துவைத்து நூலால் கட்டிப் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

எதிர் புளோக்கில் இருக்கும் நண்பரும் 2012இல் ஜாஸ்தான் வாங்கினார். என்னைப் போலக் கடைக்குப் போய் மயங்காமல் ஐந்து வருடம் நீட்டித்துக்கொண்டார். அப்படி ஐந்து வருடம் நீட்டித்தால் மறுபடியும் நீட்டிக்க முடியாது, 2027இல் அந்தக் கார் போயே தீர வேண்டும். இந்த ஜனவரியில் எங்கள் கரும்பு அவருடைய காரில்தான் வந்தது, முழுசாக. கூலியாக அம்மா ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார், அடுத்த வருடத்துக்கும் சேர்த்துச் சொல்லிவைக்கச் சொல்லி.