நாள் முழுக்கப் பேய்ப்படம்: தருமபுரி தியேட்டரா, பெங்களூரு மாலா, வீட்டு டிவியா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குத் தருமபுரியில் ஒரு தியேட்டருக்குள் நுழைந்தவன், திங்கட்கிழமை பிறந்து அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். புதுப்படம் எதுவும் இல்லாத வாரம் அது. தியேட்டர்காரர் நான்கு காட்சிக்கும் நான்கு பழைய பேய்ப்படங்களைப் போட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து 350 ரூபாய்க்கு ஒரே டிக்கெட் கொடுத்தார். அக்கா பையனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

இதே வேலையை இதற்கு முன்னால் இரண்டு விதமாகச் செய்து பார்த்திருக்கிறேன். ஊரடங்கு சமயத்தில் வீட்டில் டிவியில். போன வருடம் பெங்களூரு மால் ஒன்றில், ஒரே நாளில் மூன்று படங்கள். "எது தேவலாம்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது தருமபுரி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பார்வைக்கு மூன்றில் மட்டமானது அதுதான்.

காசுக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வீட்டில் ஓடிடி சந்தாவோடு சரி. தருமபுரியில் டிக்கெட், சாப்பாடு, டீ, நிப்பட்டு, பெட்ரோல் எல்லாம் சேர்ந்து எனக்கு 600 ரூபாய்க்குள். பெங்களூரில் மூன்று படத்துக்கும் போக்குவரத்துக்கும் 2,000 தாண்டியது, அதுவும் பாப்கார்ன் பக்கம் திரும்பாமல். சவுண்டில் மால்தான் முதலிடம், அதில் பேச்சே இல்லை. நம்மூர் தியேட்டரில் அடித்தொனி வரும்போதெல்லாம் எங்கேயோ ஒரு தகரம் சேர்ந்து அதிர்ந்தது. முதல் படத்தில் அது பேயோ என்று நினைத்தேன், இரண்டாவது படத்தில் தகரம் என்று தெரிந்துவிட்டது.

என்னைத் தருமபுரிப் பக்கம் சாய்த்தது இருட்டு.

உச்சி வெயிலில் இருந்து வீட்டுக்குள் நுழைந்தால் அடுக்களையில் நிற்கிற ஆள் தெரியாது. கொஞ்ச நேரம் போனால் அடுக்கிவைத்த பாத்திரம்கூடத் தெரியும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். கண்ணுக்குள் ரொடாப்சின் என்ற பொருள் அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. நல்ல வெளிச்சம் ஒரு தடவை கண்ணில் பட்டால் போதும், சேர்ந்ததெல்லாம் சிதைந்து மறுபடி முதலில் இருந்து. பேய்ப்படம் எடுக்கிறவர்கள் இந்தக் கண்ணை நம்பித்தான் மூலையில் ஒரு கறுப்பு உருவத்தை நிறுத்திவைக்கிறார்கள். கண் பழகாதவனுக்கு அங்கே வெறும் சுவர்தான் தெரியும்.

வீட்டில் இதற்கு வழியே இல்லை. ஜன்னலில் போர்வையை ஆணியடித்துக் கட்டினேன். வைஃபை பெட்டி பச்சையாக மினுக்கியது, இன்வெர்ட்டர் சிவப்பாக எரிந்தது. சாமி படத்துக்கு மேலே ஒரு சீரோ வாட்ஸ் பல்பு, அதை அணைக்க அம்மா விடவே மாட்டார். இத்தனைக்கும் மேலே டிவியே ஒரு விளக்கு. திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். தியேட்டர் திரைக்கு வைத்திருக்கும் அளவு 48 நிட்ஸ். சாதாரண டிவிகூட 300 நிட்ஸைச் சாதாரணமாகத் தொடும். திரையில் ஒரு வெள்ளைச் சேலை வந்தால் ஹால் முழுக்க விடிந்துவிடுகிறது. எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தின் சந்தனப் பொட்டு வரை எனக்குத் தெரிந்தது.

அப்புறம் அந்தச் சாம்பல் கட்டங்கள். ஓடிடியில் இருட்டுக் காட்சி வந்தால் கறுப்பு கறுப்பாக இல்லாமல், சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தியேட்டருக்கு வரும் கோப்பில் நொடிக்கு 250 மெகாபிட் வரை படத்தகவல் இருக்கலாம். வீட்டில் 4கே படம் பார்க்கவே 15 மெகாபிட் இணையம் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். இவ்வளவு சுருக்கும்போது முதலில் கை வைப்பது இருட்டான இடங்களில்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று. நிறங்களும் அப்படித்தான். தியேட்டர் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 4,096 படிகள், சாதாரண வீடியோவில் 256. கறுப்புக்கும் கொஞ்சம் குறைந்த கறுப்புக்கும் நடுவே படிகள் இல்லாவிட்டால் பேய் எங்கே போய் ஒளியும்?

நண்பர் ஒருவர் புரொஜெக்டர் வைத்திருக்கிறார். அவர் வீட்டு மாடியில் ஒரு ராத்திரி, ஒரே ஒரு படம் பார்த்தேன். டிவியைவிட நன்றாக இருந்தது, ஆனால் அதன் ஃபேன் சத்தம் கிசுகிசுப்பு வசனங்களை விழுங்கியது. ஒரு ராத்திரியை வைத்து அதற்கு மார்க் போட எனக்கு மனமில்லை.

பெங்களூரு மாலில் இருட்டு நல்ல இருட்டு. திரை சுத்தம், படம் கண்ணாடி மாதிரி. ஆனால் பேய் கதவைத் திறக்கிற நேரத்தில் ஒரு தம்பி டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்குச் சமோசா கொண்டுவந்தார். படம் முடிந்து வெளியே வந்தால் வெள்ளை வெளேரென்ற நடைபாதை, ஐஸ்கிரீம் கடை, பலூன் பிடித்த குழந்தை. பத்து நிமிடத்தில் எல்லாப் பயமும் துடைத்துப் போய்விடுகிறது. அடுத்த படத்தைப் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டும். கூடவே 130 கிலோமீட்டர். ஓசூர் ரோட்டு நெரிசலில் நின்று நின்று, அத்திப்பள்ளி தாண்டவே ராத்திரி பத்து மணி. சேலம் போகிற பஸ் எந்நேரமும் கிடைக்கும், ஆனால் நான் ஏறிய பஸ் தருமபுரி ஊருக்குள் வரவில்லை, பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அந்த நாளின் உண்மையான பயம் அங்கேதான் கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது நம்மூர். இங்கே இருட்டைத் தீர்மானிப்பது பராமரிப்பு. முந்தின வாரமே ஒரு மேட்னிக்குப் போய் நோட்டம் விட்டேன். என் பரிசோதனை ஒன்றுதான்: இருட்டுப் பின்னணியில் கறுத்த தலைமுடி வரும் காட்சியில், முடி எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெரும்பாலும் லேம்ப் தேய்ந்திருக்கும். புரொஜெக்டரில் இருக்கும் செனான் லேம்ப் ஓட ஓட ஒளி குறைந்துகொண்டே வரும், ஆயிரம் இரண்டாயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டும். விலை அதிகம் என்பதால் பல இடங்களில் இழுத்துக்கொண்டே போவார்கள். 3டி படத்துக்குப் போட்ட வடிகட்டியைக் கழற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டினாலும் இதே மங்கல்தான். அன்று முடி தெளிவாகத் தெரிந்தது. வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆபரேட்டரிடம் கேட்டேன். "புது லேம்ப் போட்டு ரெண்டு மாசம்தான் தம்பி ஆச்சு" என்றார். அதற்கப்புறம்தான் டிக்கெட் எடுத்தேன். லேசர் புரொஜெக்டரில் இந்தத் தொல்லை குறைவு என்கிறார்கள். நான் லேசரில் பார்த்தது ஒரே ஒரு படம், அதுவும் காமெடிப் படம்.

லேம்ப் சரி, கதவு சரியில்லை. மேற்குப் பார்த்த பக்கக் கதவுக்கு ஒரு கனத்த திரைச்சீலைதான் காவல். மேட்னியில் நாலு மணி வெயில். யாராவது ஒண்ணுக்குப் போக எழுந்தால் சீலை விலகி, திரையின் வலது கீழ்மூலையில் ஒரு முழ அகலத்துக்கு வெயில் விழும். கிணற்றுக்குள் இருந்து கை மேலே வருகிற காட்சி. சரியாக அந்த நேரத்தில் ஒருவர் வெளியே போனார். கை யாருக்கும் தெரியவில்லை, அலறல் மட்டும் கேட்டது. தியேட்டரே சிரித்தது. 1960-ல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கிவிட்டால் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கறாராகச் சொல்லியிருந்தார். அவர் கதைக்காகச் சொன்னார், எனக்கு இந்தக் கதவுக்காகவே அது சரியென்று பட்டது.

இன்டர்வெல்லில் போய், "அண்ணா, ஸ்கிரீன்ல வெயில் அடிக்குது" என்றேன். ஆபரேட்டர் வந்து எட்டிப் பார்த்தார். "ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாச் சரியாப் போயிரும்" என்றவர், அடுத்த காட்சிக்கு அப்படியே செய்தார். எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்று உத்தரவு. மாலில் யாரிடம் போய் இப்படிச் சொல்ல முடியும்?

ஆறரை மணிக் காட்சியில்தான் எல்லாம் கூடி வந்தது. பொழுது சாய்ந்து, கதவு அடைத்து, நல்ல கூட்டம். செல்போன் வெளிச்சம் அங்கங்கே இருந்தது, ஆனால் பின்வரிசை ஆட்களே "ஏய், போனை அணை" என்று அதட்டிவிட்டார்கள். மேட்னியில் கத்தி விசிலடித்த அதே ஆட்கள். படத்தில் ஒரு பாட்டி இருட்டில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறாள், ஒரு நிமிடத்துக்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. அந்த நேரத்தில் முன்வரிசையில் யாரோ வாயில் போட்ட நிப்பட்டைக் கடிக்காமல் வைத்திருந்து, காட்சி மாறியதும் நொறுக்கென்று கடித்தார். பால்கனி வரை கேட்டது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காட்சியிலேயே ஏசியை அரை மணி நேரம் நிறுத்தினார்கள். சீட்டில் ஸ்பிரிங் என் இடுப்பைத் தேடிக் கண்டுபிடித்தது. கழிப்பறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால்தான் என் மனைவியின் ஓட்டு இன்றைக்கும் பெங்களூருக்கு. நான் பைக்கில் திரும்புகிற ஆம்பளை. இரவுக் காட்சி முடிந்து பெண்கள் தனியாகத் திரும்புவது எப்படி என்று நான் அளந்து சொன்னால் அது பொய்யாக இருக்கும். நான்கு படம் என்பதும் அதிகம்தான். முதல் படத்தில் ஒரு இருபது நிமிடம் தூங்கினேன், பேய்ப்படத்தில் தூங்கிய பாவம் அது. மறுபடி போட்டால் மாலையும் இரவும் மட்டும் பார்ப்பேன். காலைக் காட்சியிலும் மேட்னியிலும் படம் முடிந்து வெளியே வந்தால் வெயில் மூஞ்சியில் அறைகிறது, கண்ணும் மனசும் மறுபடி முதலில் இருந்து. நாலாவது படம் ஒன்றுதான் இருட்டில் தொடங்கி இருட்டுக்குள்ளேயே நம்மை இறக்கிவிட்டது.

அந்த நாலாவது படத்துக்கு 'ஏ' சான்றிதழ். அக்கா பையனுக்கு 16 வயது. மற்ற மூன்றுக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை, டிக்கெட் கிழிப்பவர் ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, ஆதார் இருக்கா?" என்றார். மீசையை நம்பி வந்தவன் முகம் தொங்கிவிட்டது. "மாமா, நீங்க சொல்லுங்க மாமா" என்று கெஞ்சினான். நான் என்ன சொல்ல, சட்டம் அவர் பக்கம். ஊருக்குப் போகிற ஒருவரின் பைக்கில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

படம் முடிந்து பென்னாகரம் ரோட்டில் தனியாக வந்தேன். ரோட்டை அகலப்படுத்த வெட்டியது போக மிச்சம் நிற்கும் புளியமரங்களை எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். அன்றைக்கு ஒவ்வொன்றும் புதிதாகத் தெரிந்தது. கண் நன்றாகப் பழகியிருந்தது, அதுதான் பிரச்சினை. ஹெட்லைட் எட்டாத இடத்தில்கூடக் கிளை, சாக்குமூட்டை என்று எல்லாவற்றையும் கண் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலில் டியூப்லைட் எரிகிறது. பையன் தலையோடு கால் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கிறான், ஆனால் தூங்கவில்லை. போர்வையை விலக்கினேன். காதில் இயர்போன், கையில் செல்போன், அணைத்துக் கவிழ்த்து வைத்திருந்தான். விட்டுவந்த அதே படத்தைப் போர்வைக்குள் வைத்து முக்கால்வாசி பார்த்திருக்கிறான்.

"மிச்சம்?" என்றேன்.

"வேணாம் மாமா. லைட்டை மட்டும் அணைச்சிராதீங்க."

அந்தப் போர்வைக்குள் எப்பேர்ப்பட்ட இருட்டு இருந்ததோ, நான் போட்ட கணக்கில் அது வரவில்லை.