ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைரஸ்: ஐந்து வருடம் பார்த்துத் தெரிந்துகொண்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டையும், பக்கத்துத் தாமானில் இருக்கும் பெரியம்மா வீட்டையும் சேர்த்தால் ஐந்து ஆண்ட்ராய்டு கைப்பேசிகள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியபோது ஆளுக்கொன்று வாங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து "இது என்னமோ பண்ணுது, கொஞ்சம் பாரு" என்று ஐந்தும் என் கைக்குத்தான் வருகின்றன. நான் செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணி. கணினி படித்தவள் அல்ல. தேவை வந்தபோது படித்து, கைப்பேசியிலேயே செய்துபார்த்துக் கற்றுக்கொண்டவள்.

எந்த ஆன்டிவைரஸ் போடலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது ஸ்கேன் பொத்தான் இல்லை. செட்டிங்ஸுக்குள் இருக்கும் நான்கைந்து அனுமதிப் பட்டியல்கள்.

முதலில் வந்தது அப்பாவின் கைப்பேசி. 2021 தீபாவளிக்கு முந்தைய வாரம், நிமிடத்துக்கு ஒரு தடவை டிங் டிங் என்று அறிவிப்பு. "உங்கள் கைப்பேசியில் 13 வைரஸ்கள்", "பேட்டரி 28 விழுக்காடு சேதம், உடனே அழுத்துங்கள்" என்று சிவப்பு எழுத்தில். அப்பா பயந்துபோய் அதை அழுத்தி, அது காட்டிய "கிளீனர்" செயலிகள் மூன்றை இறக்கியும் வைத்திருந்தார். உண்மையில் அங்கே வைரஸே இல்லை. ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் படம் பார்க்கப்போனபோது, "அறிவிப்பு அனுப்பலாமா" என்று கேட்ட பெட்டியில் அனுமதி கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கம்தான் குரோம் வழியாக விளம்பரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதி பெற்ற பக்கங்கள் எல்லாவற்றையும் நீக்கினேன். சத்தம் அப்போதே நின்றது. என்னிடம் "வைரஸ்" என்று வருகிற கைப்பேசிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். தெரியாத பக்கம் திடீரென்று உங்கள் கைப்பேசியில் வைரஸ் இருக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் கைப்பேசியை ஸ்கேன் செய்ய முடியாது.

இறக்கி வைத்த அந்த கிளீனர்களில் ஒன்று திரையைத் திறக்கும்போதெல்லாம் முழுத்திரை விளம்பரம் போட்டது. எது போடுகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விளம்பரம் திரையில் இருக்கும்போதே, அண்மையில் திறந்த செயலிகளைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். முதலில் நிற்கும் அட்டையின் மேல் இருக்கும் ஐகானை அழுத்திப் பிடித்தால் அதன் பெயரும் விவரமும் வரும். அங்கிருந்தே நீக்கிவிடலாம்.

அடுத்து பெரியம்மா கைப்பேசி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

2023 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பெரியம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். சேமிப்பு முழுவதும் ஒரே வங்கிக் கணக்கில். "நம்ம கோயில்ல பூ கட்டுற அக்கா மகளுக்குக் கல்யாணமாம்மா, கார்டு அனுப்பியிருக்கு. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், திறக்கவே மாட்டேங்குது" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்திருந்தது படம் இல்லை, ஆவணம். மலாயில் கல்யாண அழைப்பு என்று பெயர்; அதன் வாலில் ஏபிகே. படத்துக்கு ஜேபிஜி வால் இருக்கும், கார்டுக்குப் பிடிஎஃப் இருக்கும். ஏபிகே என்றால் அது நிறுவப்படும் செயலி. அனுப்பியவர் அந்த அக்கா இல்லை. அவருடைய புலனக் கணக்கை யாரோ ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தார்கள். இந்தக் கல்யாண அழைப்பு மோசடியைப் பற்றி நம் போலீசும் எச்சரித்திருக்கிறது. பெரியம்மா காதுக்கு அது எட்டவில்லை.

"தொட்டேன்" என்று பெரியம்மா சொன்னதில் நான்கு படி அடங்கியிருந்தது. புலனத்திலிருந்து செயலி நிறுவ அனுமதி கொடுத்திருக்கிறார். நிறுவு என்று அழுத்தியிருக்கிறார். குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்டதற்குச் சரி சொல்லியிருக்கிறார். கடைசியாக ஆக்சசிபிலிட்டி பக்கம் திறந்து, அதிலும் ஒரு பொத்தானை நகர்த்தச் சொன்னதாம், நகர்த்தியிருக்கிறார். ஆக்சசிபிலிட்டி என்பது கண் தெரியாதவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் உதவுவதற்காக வைக்கப்பட்ட வசதி. அந்த அனுமதி பெற்ற செயலி திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் செய்யும். கெட்டவன் கையில் கிடைத்தால் அது வீட்டுச் சாவி.

நான் செட்டிங்ஸில் செயலிகள் பட்டியலைத் திறந்தேன். ஒரு வினாடி தெரிந்தது. உடனே திரை தானாக முகப்புக்குப் போய்விட்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடிக்கொண்டது. என் விரல் திரையில் படவே இல்லை, ஆனால் பின்னே போகும் பொத்தானை யாரோ அழுத்துவதுபோல் அது நடந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. குறுஞ்செய்திப் பெட்டியைப் பார்த்தால் அன்று காலைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பணம் அனுப்புவதை உறுதிசெய்ய வங்கி அனுப்பிய டேக் எண்கள் (ஒருமுறைக் கடவு எண்கள்) வந்த சுவடே தெரியாமல் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தன. என் கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கியபோது 1,460 வெள்ளி (ரிங்கிட்) ஏற்கெனவே போயிருந்தது. அந்தப் பணம் திரும்பவில்லை. மிச்சம் தப்பியது.

இப்படி நடந்தால் முதல் வேலை கைப்பேசியைச் சுத்தம் செய்வது இல்லை. இணையத்தைத் துண்டியுங்கள்: விமான நிலைக்கு மாற்றி, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, சிம்மையும் கழற்றிவிடுங்கள். வேறு கைப்பேசியிலிருந்து வங்கியையும், 997 எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தையும் அழையுங்கள். அந்த மையம் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. எதையும் நீக்குவதற்கு முன், வந்த செய்தியையும் கோப்பின் பெயரையும் இன்னொரு கைப்பேசியால் படம் எடுத்து வையுங்கள். போலீஸ் புகாருக்கு அது வேண்டும். நாங்கள் படம் எடுத்து வைத்திருந்ததால் நிலையத்தில் விளக்கம் சொல்வது எளிதாக இருந்தது.

அப்புறம்தான் சுத்தம். செட்டிங்ஸையே திறக்கவிடாத செயலியை எப்படி நீக்குவது? சேஃப் மோட்தான் வழி. பவர் பொத்தானைப் பிடித்தால் வரும் "பவர் ஆஃப்" எழுத்தை விடாமல் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடில் திறக்கட்டுமா என்று கேட்கும். சில மாடல்களில் கைப்பேசி திறக்கும்போது ஒலி குறைக்கும் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சேஃப் மோடில் நாமாக நிறுவிய செயலி எதுவும் ஓடாது. கைப்பேசியோடு வந்தவை மட்டும் ஓடும். திரையின் கீழ் மூலையில் அந்த எழுத்து தெரிந்ததும் மறுபடி செட்டிங்ஸைத் திறந்தேன். இந்தத் தடவை மூடிக்கொள்ளவில்லை.

பட்டியலில் பெயரே இல்லாமல், வெறும் வெள்ளை ஐகானோடு ஒன்று கிடந்தது. நீக்கும் பொத்தான் மங்கியிருந்தது, அழுத்த முடியவில்லை. காரணம், அது கைப்பேசியை நிர்வகிக்கும் டிவைஸ் அட்மின் உரிமையையும் வாங்கி வைத்திருந்தது. பாதுகாப்புப் பகுதியில் டிவைஸ் அட்மின் செயலிகள் என்ற பட்டியலில் அதன் எதிரே இருந்த குறியை எடுத்தேன். ஆக்சசிபிலிட்டியில் அதை அணைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் நீக்கும் பொத்தானுக்கு உயிர் வந்திருந்தது. அழுத்தினேன், போனது.

அந்தக் கைப்பேசியில் அப்போது ஒரு பாதுகாப்புச் செயலி இருந்தது. பெயர் வேண்டாம். இரண்டு தடவை ஸ்கேன் போட்டும் பச்சைக் குறிதான் காட்டியது. கோபம் வந்தது, பிறகு காரணம் புரிந்தது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆன்டிவைரஸும் அப்படி ஓர் அறைக்குள் இருக்கும் இன்னொரு செயலிதான். பக்கத்து அறைக்குள் நுழைந்து பார்க்க அதற்கு உரிமை குறைவு. பெரும்பாலும் நிறுவல் கோப்பைத் தெரிந்த கெட்ட கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. நேற்று செய்த புதிய கோப்பு அதன் பட்டியலில் இருக்காது. அந்த ஏபிகேயை மடிக்கணினி வழியாக வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். எழுபதுக்கு மேல் சோதனைக் கருவிகள் ஒன்றாகப் பார்க்கும் இடம் அது. அன்று ஒரு சில கருவிகள்தான் சிவப்பு காட்டின. பத்து நாள் கழித்து அதே கோப்பை மறுபடி சோதித்தபோது பட்டியல் நிறையச் சிவப்பு. பெரியம்மாவுக்கு அந்தப் பத்து நாள் கிடைக்கவில்லை. (ஏற்றுகிற கோப்பை மற்ற ஆய்வாளர்களும் பார்க்க முடியும், சொந்த ஆவணங்களை அங்கே போடாதீர்கள்.)

நீக்கியதோடு நிற்காமல் முழுவதுமாக அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்தேன். 2019இல் வந்த எக்ஸ்ஹெல்ப்பர் போன்ற தீய செயலிகள் ஒன்றிரண்டு ரீசெட்டையும் தாண்டி நின்றிருக்கின்றன, அவை அரிது. பேரப்பிள்ளைகள் படங்கள் போய்விடுமே என்று பெரியம்மா கலங்கியதால் புலனக் கோப்புறை முழுவதையும் மெமரி கார்டுக்கு நகலெடுத்து வைத்தேன். ரீசெட் முடிந்து கார்டைப் போட்டு, படங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஆவணங்கள் உறைக்குள் அதே கல்யாணக் கார்டு படுத்துக் கிடந்தது. நானே பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்! நிறுவாதவரை கோப்பு ஒன்றும் செய்யாது என்றாலும், கை நடுங்கிக்கொண்டுதான் அழித்தேன். ரீசெட்டுக்கு முன் நகலெடுக்கிறவர்கள் படங்களை மட்டும் எடுங்கள். கடவுச்சொற்களை வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். புலனத்தில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதியில் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள்.

சரி, ஆன்டிவைரஸ் போடலாமா? போடலாம், ஆனால் தேர்ந்தெடுத்து ஒன்று மட்டும். ஏவி-கம்பாரட்டிவ்ஸ் என்ற ஆஸ்திரிய சோதனை நிறுவனம் 2019இல் 250 ஆண்ட்ராய்டு பாதுகாப்புச் செயலிகளைச் சோதித்தது; 80 மட்டுமே தீய செயலிகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் கண்டுபிடித்தன. மற்றவற்றில் பலவும் பெயருக்குத்தான். 2014இல் வைரஸ் ஷீல்ட் என்று ஒன்று பிளே ஸ்டோரில் காசுக்கு விற்றது. அது ஐகானை மாற்றிக் காட்டியதைத் தவிர எதையும் ஸ்கேன் செய்யவே இல்லை. நான் இப்போது வைத்திருப்பது பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு. பேட்டரியைத் தின்பதாகத் தெரியவில்லை. விளம்பரத் தொந்தரவும் இல்லை. சந்தேகம் வந்தால் மால்வேர்பைட்ஸை இறக்கி ஒரு தடவை ஸ்கேன் போட்டுவிட்டு நீக்கிவிடுவேன். இரண்டும் ஒன்றாக ஓட வேண்டியதில்லை. கூகள் பிளே புரொடெக்ட் 2017இலிருந்து கைப்பேசியோடேயே வருகிறது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டால் இருக்கும். அது அணைந்திருந்தால் யார் அணைத்தார்கள் என்று விசாரியுங்கள். அணைக்கச் சொல்லிக் கேட்கிற செயலி எதுவும் நல்லது இல்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையிலிருந்து வந்ததும் ஐந்து கைப்பேசிகளையும் மேசையில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதி என்ற பட்டியலை முதலில் திறப்பேன். ஆண்ட்ராய்டு 8 முதல் அது செயலிக்குச் செயலி தனித்தனியாக இருக்கிறது. புலனம், குரோம், கோப்பு மேலாளர் எல்லாமே "அனுமதி இல்லை" என்றுதான் நிற்க வேண்டும். இந்த ஒன்று மூடியிருந்தால் பெரியம்மாவுக்கு நடந்தது அவ்வளவு எளிதாக நடந்திருக்காது. அடுத்து ஆக்சசிபிலிட்டி, டிவைஸ் அட்மின், மற்ற செயலிகளின் மேல் தெரியும் அனுமதி, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி. தெரியாத பெயர் ஒன்றாவது இருந்தால் மேலே போக மாட்டேன். குறுஞ்செய்தி அனுமதியில் டார்ச் லைட்டும் ஜாதகமும் இருக்க வேண்டிய வேலை என்ன? மகன் கைப்பேசியில் ஒரு விளையாட்டு அங்கே உட்கார்ந்திருந்தது, அன்றே எடுத்துவிட்டேன்.

பழைய கைப்பேசியில் இன்னொரு சங்கடம். பெரியம்மாவுடையது ஆண்ட்ராய்டு 9; கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வெளியிலிருந்து வந்த செயலிக்கு ஆக்சசிபிலிட்டி கொடுக்க முடியாதபடி தடை போடுவது 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இல்தான் தொடங்கியது. அதையும் சுற்றிப் போகிறவர்கள் உண்டு, ஆனால் வயதானவர்களுக்கு அந்தத் தடை பெரிய உதவி. தீபாவளி போனசில் அவருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தோம். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே போனார். எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று நான் கேட்டபோது பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கேட்டே வாங்குங்கள்.

டேக் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புவதை விட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளிடம் சொன்னது. சந்தேகம் வந்தால் நாமே கணக்கை முடக்கும் வசதியையும் வங்கிகள் கொண்டுவந்தன. உங்கள் வங்கிச் செயலியில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி வையுங்கள். பதற்றத்தில் தேடினால் கிடைக்காது. எனக்கு அன்று கிடைக்கவில்லை.

பெரியம்மா வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே 997, கீழே வங்கி எண், அதற்கும் கீழே என் எண். போன மாதம் இன்னொரு கல்யாணக் கார்டு வந்தபோது தொடாமல் என்னைக் கூப்பிட்டு, "வால்ல என்ன எழுதியிருக்குன்னு நானே பார்த்துட்டேன், பிடிஎஃப்னு இருக்கு, திறக்கலாமா?" என்று கேட்டார். அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறங்கள் என்றேன். கேட்டார், அவரேதான் அனுப்பியிருக்கிறார். கல்யாணம் ஈப்போவில், வருகிற ஞாயிறு.