ஃபுளோரைடைக் கண்டுபிடிக்க எது? டிடிஎஸ் மீட்டரா, கலர் கிட்டா, லேபா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரைக் குடிக்கும் வீடுகளில் காலங்காலமாக இரண்டு சோதனைகள் உண்டு. வாயில் ஊற்றினால் கரிக்கிறதா? உலையில் வைத்தால் பருப்பு வேகிறதா? இரண்டிலும் தேறினால் நல்ல தண்ணீர். இப்போது மூன்றாவதாக, தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் சேர்ந்துகொண்டது. அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு விஷயத்தில் இந்த மூன்றையும் நம்பவே கூடாது.

காரணம் பாறையில் இருக்கிறது. அந்த வட்டாரத்துக் கிரானைட், நைஸ் பாறைகளின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. தண்ணீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய தண்ணீரில்தான் ஃபுளோரைடு தடையில்லாமல் ஏறும். அதாவது, சோப்பு நன்றாக நுரைக்கிற, பருப்பு மலர வேகிற அதே தண்ணீரில்! நிறம், மணம், ருசி எதிலும் அது காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் கொஞ்சம் அடர்த்திதான் கூடும்.

இந்தியத் தர நிர்ணயப்படி (ஐஎஸ் 10500) குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைகளுக்கு, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்கள் பாதிக்கப்பட்டு, சுண்ணாம்புத் திட்டுகளோடும் பழுப்புக் கறையோடும் முளைக்கும். 3 முதல் 6 மில்லிகிராம் உள்ள தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் கை வைக்கும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்து இந்த நோயைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 1937-லேயே வெளிவந்துவிட்டது. காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் இதற்காகத்தான் வந்தது. ஆனாலும் குழாய்த் தண்ணீர் தவறும் நாளில் கை போருக்குத்தானே போகிறது?

சரி, எதை வைத்துப் பார்ப்பது?

டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்து, அதிலிருந்து மொத்த உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. டிடிஎஸ் 600 உள்ள தண்ணீரில் ஃபுளோரைடு 0.5-லிருந்து 3-க்கு எகிறினாலும், லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்பில் அந்த ஏற்றம் இரண்டரை மில்லிகிராம்தான். மீட்டரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆர்ஓ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது ஓரளவு உதவும். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் டிடிஎஸ் வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வந்தால் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பரேன் தேய்கிறது, ஃபுளோரைடும் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். (ஆர்ஓ விற்க வருபவர் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு, கரண்ட் கொடுத்து, பழுப்புக் குழம்பாக்கிக் காட்டுவாரே, அது பெரும்பாலும் அந்த இரும்புக் கம்பியே கரைந்து வரும் துரு.)

கலர் கிட் அப்படியில்லை, ஃபுளோரைடையே தேடுகிறது. குழாயில் கோடு வரை தண்ணீர் எடுத்து, சிர்க்கோனியம் கலந்த சாயத்தைச் சொட்டுவிடுவார்கள். ஃபுளோரைடு சிர்க்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ள, சிவப்பு வெளிறி மஞ்சளை நோக்கிப் போகும். அதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இந்த மாதிரிக் கிட்டுகளில் பயிற்சி கொடுக்கிறார்கள். வாசலிலேயே சில நிமிடங்களில் பதில் கிடைப்பது பெரிய விஷயம். தொல்லை எங்கே என்றால், நமக்கு முக்கியமான 1.0-க்கும் 1.5-க்கும் நடுவில்தான் கண் தடுமாறும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். சாயம் பழசானாலும் தப்பு. 0.5-ஐயும் 4-ஐயும் பிரித்துச் சொல்ல இது போதும்.

லேபிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று இதே சாய முறை, கண்ணுக்குப் பதில் கருவி பார்க்கும். இன்னொன்று, தண்ணீரில் அமிழ்த்தி ஃபுளோரைடை அளக்கும் ஃபுளோரைடு எலக்ட்ரோடு. என் ஓட்டு எலக்ட்ரோடுக்கு. படிகாரம் போட்டுத் தெளிய வைத்த தண்ணீரில் அலுமினியம் ஃபுளோரைடைக் கட்டிப்போட்டுவிடும். சாய முறை அதைக் குறைத்துக் காட்டும். எலக்ட்ரோடில் அளக்கும் முன் சேர்க்கும் கரைசல் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. எனவே படிகாரம் போட்டிருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள். மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில் வாங்குகிற லேப் என்றால் யோசியுங்கள். ஃபுளோரைடுக்குப் பிளாஸ்டிக் பாட்டில்தான். மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் அலசிவிட்டுப் பிடித்தால் போதும். சில நாள் தாமதமானாலும் அளவு மாறாது.

செலவைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் லேபுக்கு ஓடத் தேவையில்லை. முதலில் கிட். நிறம் 1-க்குக் கீழே தெளிவாக நின்றால், கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை திரும்பப் பாருங்கள். 2-க்கு மேலே என்றால் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்திவிடலாம். குளிக்க, துவைக்கத் தடையில்லை. நடுவில் தடுமாறினால்தான் லேபுக்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால், அந்த ரிப்போர்ட் வரும்வரை அவர்களுக்கு மட்டுமாவது குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொடுங்கள்.