பொள்ளாச்சியில் வாங்கிய பீர்க்கன் விதை எப்படி?

பொள்ளாச்சி மார்க்கெட் பக்கத்தில் ஒரு சின்ன விதைக் கடையில் வாங்கியது, பாக்கெட் 30 ரூபாய், தாராளமாக வாங்கலாம். விதை நல்ல கறுப்பு, கனமாக இருக்கிறது, சப்பை அநேகமாக இல்லை. தோல் கெட்டி என்பதால் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு ஈரத் துணியில் கட்டி வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் தொழுவுரம் கலந்த செம்மண்ணில் நட்டேன்.

"ஆடிக் காத்துக்குப் பந்தல் நிக்காதுங்க, மேக்கால ஒரு தட்டி கட்டிருங்க" என்று கடைக்கார அண்ணன் சொன்னது விதையை விடப் பெரிய உதவி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இளங்கொடியைக் கிழித்துப்போடும், தென்னந்தடுக்கு கட்டியதால்தான் கொடி தப்பித்தது.

முதலில் ஆண் பூதான் கொத்துக் கொத்தாக வந்து உதிரும், பயப்படாதீர்கள். பெண் பூவுக்கு அடியில் விரல் மாதிரி சின்னப் பிஞ்சு இருக்கும். பீர்க்கன் பூ விரிவதே சாயங்காலம்தான், அப்போது தேனீ வரவில்லை என்றால் ஆண் பூவின் இதழை உரித்துவிட்டு மகரந்தத்தைப் பெண் பூவில் தடவிவிடுங்கள், பிஞ்சு நன்றாகப் பிடிக்கிறது. காயை இளசாகவே பறிக்கணும், தோல் துவையலுக்கு அவ்வளவு ருசி!

ஒரே குறை, பாக்கெட்டில் ரகப் பெயரும் இல்லை, பரிசோதித்த தேதியும் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 மாதிரி ரகம் போட்டிருந்தால் காய் எப்படி வரும் என்று தெரிந்து வாங்கலாம். ஹைபிரிட்டா நாட்டு விதையா என்பதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதை அச்சடித்துக் கொடுங்கள் அண்ணா, விதை எடுத்து வைக்கிறவர்களுக்கு அது ரொம்ப முக்கியம்.