குளியலறைத் தட்டில் நான்கு எண்ணெய்கள்

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தட்டில் நான்கு பாட்டில்கள் நிற்கின்றன: செக்கு நல்லெண்ணெய், செக்குத் தேங்காய் எண்ணெய், சமையலறையிலிருந்து நழுவி வந்த ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய், பேரனுக்காகப் புனலூர் சம்பந்தி வீட்டார் கொடுத்தனுப்பும் உருக்கு வெளிச்செண்ணெய், அதாவது காய்ச்சி எடுத்த தேங்காய் எண்ணெய். கேரள எல்லையில் இருக்கும் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் என்றாலே தேங்காய் எண்ணெய்தான். இந்தப் பக்கம் சனிக்கிழமை என்றால் நல்லெண்ணெய். சூரியகாந்திக்கு இரண்டு பக்கமும் மரியாதை இல்லை. "அது வடை சுடுகிற எண்ணெய்" என்று ஆச்சி ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரீஃபைண்டு எண்ணெயில் பசைப்பொருளை நீக்குகிறார்கள், காரம் (ஆல்கலி) சேர்த்து அமிலத்தைக் கழிக்கிறார்கள், களிமண் வகை ஒன்றால் நிறத்தை வெளுக்கிறார்கள், கடைசியில் வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி மணத்தை விரட்டுகிறார்கள். வைட்டமின் ஈயில் ஒரு பங்கும் அதோடு போய்விடுகிறது. ஆனால் அடிப்படைக் கொழுப்பு அமிலங்கள் பெரிதாக மாறுவதில்லை. தோலுக்கு வேண்டியது பெரும்பாலும் அவைதான். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் பாதிக்கு மேல். தோல் தன் ஈரத்தைக் காக்கும் மேலடுக்கைக் கட்ட இது உதவுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் பெரியவர்களின் முன்கையில் நான்கு வாரம் தேய்த்துப் பார்த்தபோது, ஆலிவ் எண்ணெய் அந்த அடுக்கைக் கெடுத்தது, சூரியகாந்தி கெடுக்கவில்லை. ஆலிவ் எண்ணெய்க்கு பல மடங்கு விலை கொடுப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

செக்குத் தேங்காய் எண்ணெயின் மணத்துக்கு ஈடு கிடையாது. கொழுப்பில் தொண்ணூறு சதவீதம் நிறைகொழுப்பு என்பதால் எளிதில் காறாது. 24 டிகிரிக்குக் கீழே வெள்ளையாக உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். கைகால் வறட்சிக்கு நல்லது. முகத்துக்கு வேண்டாம், பருத் தொல்லை உள்ளவர்களுக்குத் தோல் துளைகளை அடைத்துக்கொள்ளும். செதிலாகப் பொடுகு உதிரும் தலையிலும் வைக்காதீர்கள். பொடுகோடு வரும் பூஞ்சை எண்ணெயின் கொழுப்பைத் தின்றுதான் வளர்கிறது. செக்கு என்ற பெயரும் காப்பீடு ஆகாது. பூஞ்சை பிடித்த கொப்பரையை ஆட்டினால் அந்த நாற்றமும் எண்ணெயில்தான் இறங்கும்.

சென்ற மாதம் ஒரு சோதனை. இடக்கையில் செக்கு நல்லெண்ணெய், வலக்கையில் சூரியகாந்தி. முதல் ஐந்து நிமிடம் வித்தியாசமே தெரியவில்லை. அதன் பிறகு நல்லெண்ணெய் விரலுக்கு அடியில் கனமாக நின்றது, தசையைப் பிடித்து அழுத்த இடம் கொடுத்தது. சூரியகாந்தி வழுக்கிக்கொண்டே ஓடியது. மறுநாள் தலையணை உறையில் எள் மணமும் பழுப்புக் கறையும், வலப்பக்கம் ஒன்றுமில்லை. முழங்கால் பிடிப்புக்கு நல்லெண்ணெயே என் தேர்வு. அலுவலகம் போகிற நாளில் சூரியகாந்தி. அதைச் சிறு பாட்டிலாக வாங்குங்கள், வெளிச்சத்தில் வைத்தால் காறிப்போகும். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் நல்லெண்ணெயைத் தொடவே வேண்டாம். மற்றவர்களும் எந்த எண்ணெயானாலும் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒருநாள் பார்க்கலாம்.

உருக்கு வெளிச்செண்ணெய் தனிக் கதை. கொப்பரை கிடையாது, தேங்காய்ப்பாலைக் கிளறிக் கிளறிக் காய்ச்சி, அடியில் தங்கும் கக்கன் என்ற கசடு சிவந்ததும் மேலே தெளிவதை வடிப்பது. பேரனின் தோலில் ஒட்டாமல் இறங்குகிறது, சமைத்த மணம் மட்டும் நாள் முழுக்கப் போவதில்லை. கரப்பான் என்ற தோல்நோய் வந்த குழந்தையாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவமாட்டேன்.

குற்றாலத்தில் சீசன் நாளில் மசாஜ் செய்பவரிடம் கிண்ணத்தில் இருப்பது என்ன எண்ணெய் என்று கேட்டேன். "நல்ல எண்ணெய்தான் சார்" என்றார். இடைவெளி விட்டுச் சொன்னாரா, சேர்த்துச் சொன்னாரா என்பது புரியவில்லை. அடுத்த முறை என் பாட்டிலைக் கையோடு கொண்டுபோனேன்.