ப்ரோட்டிஜே: எங்கள் கடல்பாசிகளுக்கு ஒரு நல்ல கணக்குப்பிள்ளை

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் எடுக்கும் பாசிகளை உள்ளூர்ப் பெயரோடு கணினியில் ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை. எக்செல் போதவில்லை. ஆய்வாளர்கள் கப்பாபைகஸ் என்பதை நாங்கள் பெப்சி பாசி என்போம். இரண்டு வரியில் ஏறினால் இரண்டு பாசியாகிவிடும். பொருள்களை வகைபிரித்து அவற்றின் தொடர்புகளை எழுதிவைக்க உதவும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இலவச மென்பொருளான ப்ரோட்டிஜேயில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு வகுப்பு, அதாவது ஒரே வகைப் பொருள்களுக்கான தொகுப்பு உண்டாக்கி, அதற்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் தமிழிலேயே கொடுக்கலாம்.

திறந்ததும் 'திங்' என்ற ஒரே வகுப்புதான் இருக்கும். அதன் கீழ் பாசி. பாசிக்குள் சிவப்பு, பழுப்பு. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, பெப்சி பாசி மூன்றும் சிவப்பில், கட்டக்கோரை பழுப்பில். அப்புறம் பண்புகள். கையில் இருக்கும் மாதிரியை வேதாளைக் கரையோடு இணைக்கும் 'எடுத்த கரை' ஆப்ஜெக்ட் ப்ராப்பர்ட்டி. காய்ந்த எடை வெறும் எண், அதனால் டேட்டா ப்ராப்பர்ட்டி.

எனக்கு மிகவும் பிடித்தது டொமைன், அதாவது ஒரு பண்பு எந்த வகுப்புக்கு உரியது என்று எழுதிவைப்பது. 'எடுத்த கரை'க்கு டொமைன் பாசி என்று வைத்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு சங்குக்கும் கரையைக் கொடுத்துப் பார்த்தேன். தடுக்கவே இல்லை. எழுதியதிலிருந்து முடிவுகளைத் தானே கண்டுபிடிக்கும் ரீசனரை ஓட்டியதும், அந்தச் சங்கும் பாசிதான் என்று மஞ்சள் நிறத்தில் காட்டியது! டொமைன் வாசலில் நிற்கும் காவல் இல்லை. கரை இருக்கிறதா, அப்படியானால் அது பாசி என்று முடிவு கட்டும் விதி. பாசியும் சங்கும் வேறு வேறு என்று 'டிஸ்ஜாயின்ட்' போட்ட பிறகுதான் முரண்பாடு என்கிறது. எந்த எந்த வரிகள் மோதுகின்றன என்றும் எடுத்துக் காட்டுகிறது. இப்படிக் காரணம் சொல்லும் மென்பொருளை நான் வேறு பார்த்ததில்லை.

எடை எழுதாமல் விட்டால் இது கேட்காது. எழுதாதது இல்லாதது ஆகாது என்பதுதான் ப்ரோட்டிஜே பயன்படுத்தும், 2004-இல் வந்த ஆவ்ல் (OWL) மொழியின் அடிப்படை. விடுபட்டதைப் பிடிக்க, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017-இல் பரிந்துரைத்த ஷேக்கிள் (SHACL) என்ற சரிபார்ப்பு மொழி இருக்கிறது.

குறை என்றால், மெனு முழுக்க ஆங்கிலம். பாசி எடுக்கும் அக்காமாரிடம் அப்படியே நீட்ட முடியாது. அவர்களிடம் கேட்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். வகுப்பையும் பண்பையும் இதில் கட்டுங்கள், டொமைன் வைப்பதற்கு முன் டிஸ்ஜாயின்ட் போட்டுவிடுங்கள்.