ஷார்ப்பா, ஸ்லோவா? டாக் பெட்டியில் எந்த ஃபில்டர்?

கொழும்பில் இன்று, டிஜிட்டல் பாட்டை ஒலியலையாக மாற்றும் ஒரு சின்ன டாக் (DAC) பெட்டி வாங்கினாலும் மெனுவில் நாலைந்து ஃபில்டர் இருக்கும். எதைப் போடுவது என்று பாட்டுப் பைத்தியங்கள் மணிக்கணக்காகக் கதைப்பார்கள்.

இறுவட்டில் ஒலியலையை அளந்து எடுத்த மாதிரிகள் நொடிக்கு 44,100. அவற்றை அப்படியே ஒலியாக்கினால் 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே நிழல்கள், அதாவது பாட்டில் இல்லாத போலி ஒலிகள், எழும். 18 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 26.1இல் ஒரு நிழல். காது எட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை தொடாமல் விட்டு, மேலே உள்ள நிழல்களை வெட்டுவதுதான் ஃபில்டரின் வேலை. 1982இல் சோனியின் சிடிபி-101 இதை அனலாக் சுற்றிலேயே செய்தது. பிலிப்ஸோ 14 பிட் சிப்பை வைத்துக்கொண்டு, நடுவே புது மாதிரிகளைக் கணக்கிட்டு நிரப்பும் நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங்கில் பெரும்பகுதியை டிஜிட்டலாகவே முடித்தது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள்.

சட்டென்று செங்குத்தாக வெட்டுவது ஷார்ப். அதில், எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு பிந்தவைக்கும் லீனியர் ஃபேஸ்தான் வெட்டுவதில் கெட்டி. அதன் மேல் உள்ள குற்றச்சாட்டு, மிருதங்கத்தில் ஒரு சாப்பு விழுமுன்பே சிற்றலை கிளம்பிவிடுகிறது என்பது. வரைபடத்தில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அலை ஓடுவது 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம். அங்கே மிருதங்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, நம் காதும் அங்கே எட்டாது. ஷார்ப்பின் இன்னொரு வகையான மினிமம் ஃபேஸ் முன் அலையை ஒழித்து எல்லாவற்றையும் அடிக்குப் பின்னால் தள்ளும். பதிலுக்கு உச்ச அதிர்வெண்கள் கொஞ்சம் பிந்தி வரும். காலிக்குப் போகும் வீதியின் பஸ் இரைச்சல் ஏறிவரும் தொடர்மாடியில் இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

மெல்லச் சரிந்து வெட்டும் ஸ்லோ வேறு கதை. சிற்றலை குறையும், ஆனால் 20ஐத் தொடுமுன்பே ஒலி சரியத் தொடங்கும், நிழலும் கசியும். ஓவர்சாம்பிளிங்கே இல்லாத என்ஓஎஸ் இன்னும் மோசம்: ஈடுகட்டாவிட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல், 20இல் 3.2 டெசிபல் இறக்கம். 'இதமாக இருக்கிறது' என்று புகழ்கிறார்களே, அதில் பாதி இந்த இறக்கம்தான். பிடித்தால் கேளுங்கள், தப்பில்லை. அதை 'இயல்பான ஒலி' என்று விற்பதுதான் எரிச்சல்.

என் ஓட்டு ஷார்ப்புக்கு. லீனியரோ மினிமமோ, எதுவும் சரி. பழைய நாதஸ்வரக் கஸெட்டிலிருந்து இறுவட்டாக்கியது என்றால் மேல் ஒலி எப்போதோ தேய்ந்திருக்கும், வெட்டுவதற்கே ஏதுமில்லை. நொடிக்கு 96,000 மாதிரிகள் உள்ள 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பிலும் கவலை வேண்டாம், 20க்கும் 48க்கும் நடுவே ஃபில்டர் ஆற அமர இறங்கலாம்.

உண்மையில் காதில் விழக்கூடிய கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இப்போதைய சினிமாப் பாட்டுகளை உச்ச அளவுக்கு ஏற்றிவைக்கிறார்கள். ஓவர்சாம்பிளிங் செய்யும்போது இரண்டு மாதிரிகளுக்கு நடுவே அலை அந்த உச்சத்தையும் தாண்டும். சிப்பில் அதற்கு மேலே இடம் விடாவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு ஒலி சிதையும். மெனுவைக் குடைவதை விட்டு, கம்ப்யூட்டர் பிளேயரின் டிஜிட்டல் வால்யூமை ஒரு 3 டெசிபல் குறைத்து, ஆம்பில் கூட்டிக்கொள்ளுங்கள்.